பன்னிரண்டு மணி இரண்டு நிமிடம்

தொலைபேசி முதல் முறை ஒலித்தபோது நோர்பெர்ட்டுதான் எடுத்தான். ஒரு பெண் குரல் இரண்டு சொல் சொல்லிவிட்டு நின்றது. அப்புறம் மௌனம். அந்த மௌனத்துக்குள் உஸ்ஸென்று காற்றுச் சத்தம். யாரோ விளையாடுகிறார்கள் என்று வைத்துவிட்டான். மறுபடியும் ஒலித்தது. மறுபடியும் அதே இரண்டு சொல், அதே காற்று. இந்த முறை கொஞ்சம் திட்டிவிட்டே வைத்தான்.

மூன்றாம் முறை எர்மெலிண்டா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். எதுவும் பேசாமல் காதில் வைத்தபடி காத்திருந்தாள்.

"வச்சுடாதீங்க" என்றது குரல். காற்றுச் சத்தம். "மெஷின் காத்து கொடுத்தாத்தான் பேச முடியும்." மறுபடி காற்று. "நடுவுல எல்லாரும் வச்சுடறாங்க."

"நான் வைக்கமாட்டேன், நிதானமா சொல்லுங்க" என்றாள் எர்மெலிண்டா.

எர்மெலிண்டா ஃபல்காட்டு முப்பது வருடம் சேத்தூபல் துறைமுகத்தில் கப்பல் விபத்துகளை விசாரித்தவள். எந்தக் கப்பல் எந்தக் கப்பலை இடித்தது, யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது வேலை. ஓய்வு பெற்ற பிறகும் ஊரார் தங்கள் சிக்கல்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நோர்பெர்ட்டு அவளுடைய காலமான கணவரின் தம்பி, டாக்ஸி ஓட்டுகிறவன். அண்ணி எங்கே போனாலும் கார் அவனுடையது. யார் குற்றவாளி என்று முதலில் சொல்வதும் அவன்தான். பெரும்பாலும் தப்பாகச் சொல்வான்.

பேசி முடிக்க இருபது நிமிடம் ஆனது. பேசியவள் ஒட்டீலியா சர்மெந்து, வயது நாற்பத்தாறு. பிறவியிலேயே தசை நோய். ஆறு வருடமாகத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, வென்டிலேட்டரின் மூச்சில் வாழ்கிறாள். அக்காவோடு சொந்த வீட்டில் இருக்கிறாள். ஏப்ரல் மூன்றாம் தேதி அவள் தொண்டையிலிருந்து மெஷினின் காற்றுக்குழாய் நான்கு நிமிடம் கழன்று கிடந்தது. அதற்காக, காலையில் அவளைப் பார்த்துக்கொள்ளும் சுல்மீராவை வீட்டுப் பராமரிப்பு அலுவலகம் வேலையை விட்டு நீக்கிவிட்டது. இனி வீடு பாதுகாப்பில்லை, ஒட்டீலியாவை நிரந்தரமாக ஒரு பராமரிப்பு வார்டுக்கு மாற்றலாமா என்று முடிவு செய்ய நாளை மறுநாள் கூட்டம்.

"சுல்மீரா பண்ணல. அவ போனப்புறம் நடந்துச்சு. எனக்கு மணி தெரியும். யாரும் நம்பல" என்றாள் ஒட்டீலியா, நான்கு மூச்சில்.

காரில் ஏறியதும் எர்மெலிண்டா கார்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து இருபது. "இன்னுமா நீ இதைத் தள்ளி வைக்கல?" என்றாள். மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை கோடைக்காலக் கணக்குக்காக நாடே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியிருந்தது. இந்தக் காரில் அது எப்படியென்று தனக்குத் தெரியாது, அக்டோபரில் அது தானே சரியாகிவிடும் என்றான் நோர்பெர்ட்டு.

நான்காம் மாடி வீட்டுக் கதவைத் திறந்தவள் அக்கா கிராசியெட்டு. பள்ளிக்கூடச் சமையலறையில் சமைப்பவள், இப்போது விடுப்பில் இருக்கிறாள். ஐம்பத்தெட்டு வயதுக்கு எழுபது சொல்லலாம். இடது கையில் பழைய கட்டு. வந்தவர்களை உட்காரவைத்து, சோளரொட்டி நறுக்கி வைத்து, தங்கை வாயைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் மிச்சத்தைத் தானே சொல்லி முடித்தாள். ஒட்டீலியா "ரேடியோவுல" என்றால், கிராசியெட்டு "ரேடியோவுல ஒரு மணி செய்தி கேட்டேங்கிறா. மூச்சு நின்னா எல்லாம் குழம்பும்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்பாள். மெஷின் அடுத்த காற்றைக் கொடுப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். ஒட்டீலியாவின் தாடை இறுகுவதை எர்மெலிண்டா பார்த்தாள்.

"எனக்குக் கொஞ்சம் காபி கிடைக்குமா?" என்று கேட்டு அக்காவை உள்ளே அனுப்பினாள்.

அப்புறம் ஒட்டீலியா பேசினாள். அவளுக்குத் தொழில், காது கேளாதவர்களுக்காகப் படங்களுக்கு வசனவரி எழுதுவது. தலையசைவில் ஓடும் கணினியில் எழுதுகிறாள். ஒரு சொல் எத்தனை வினாடி திரையில் நிற்க வேண்டும் என்பதே அவள் பிழைப்பு. அந்த வியாழக்கிழமை முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. ரேடியோ ஒரு மணி அடித்தது. படகு வேலைநிறுத்தம் பற்றிய செய்தி தொடங்கியது. அது முடிந்த சமயம் குழாய் கழன்றது. தானாக மூச்சிழுக்க அவளால் சில நிமிடம்தான் முடியும். அடுத்த மூன்று செய்திகளையும் கேட்டாள். வானிலை பாதியில் கண் இருட்டியது.

நான்கு நாள் கழித்து, மாதாந்திரச் சோதனைக்கு வந்த தொழில்நுட்பர் மெஷினின் பதிவை எடுத்தார். அதில் இருந்தது: குழாய் கழன்றது பன்னிரண்டு மணி இரண்டு நிமிடம். சேர்ந்தது பன்னிரண்டு ஆறு. அந்த நேரத்தில் வீட்டிலிருந்தவள் சுல்மீரா மட்டுமே. மதியம் பன்னிரண்டு மணிச் செய்தியிலும் படகு வேலைநிறுத்தம் வந்ததாம். அலுவலகத்துக்கு ஒட்டீலியா எழுதிய கடிதத்துக்குப் பதில் அக்கா பெயருக்கு வந்தது. நோயாளியின் குழப்பம் புரிந்துகொள்ளக்கூடியதே என்று ஒரு வரி.

"நான் இங்கதான இருந்தேன்" என்றாள். காற்று. "மெஷினைக் கேக்குறாங்க." காற்று. "என்னைக் கேக்கல."

"குழாய் கழன்றப்ப ரூம்ல யார் இருந்தாங்க?"

மெஷின் ஒரு முறை காற்றைத் தள்ளியது. இன்னொரு முறை தள்ளியது. ஒட்டீலியா இரண்டையும் வீணாக விட்டாள்.

"நீங்க மணியைக் கண்டுபிடிங்க" என்றாள். "அது போதும்."

எர்மெலிண்டா எழுந்து, ஒட்டீலியா வழி சொல்ல, மெஷினின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். திரையில் பதினொன்று ஐம்பத்து மூன்று. கைக்கடிகாரத்திலும் பதினொன்று ஐம்பத்து மூன்று. உதட்டைப் பிதுக்கினாள்.

"என்ன அண்ணி?" என்றான் நோர்பெர்ட்டு, படியிறங்கும்போது.

"ஒரு யோசனை இருந்துச்சு. போச்சு."

சுல்மீரா பெலா விஷ்டா குடியிருப்பில் இருந்தாள். கேப் வேர்ட் தீவுகளிலிருந்து வந்து பதினெட்டு வருடம். கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே பேசினாள். அவளிடம் பேச வந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு வந்தவர்களாம். இவர்களும் அப்படியென்றால் பஸ் நிறுத்தம் அந்தப் பக்கம் என்று காட்டினாள். எர்மெலிண்டா போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கதவு திறந்தது.

"பன்னெண்டு ரெண்டுக்கு நீ அங்க இருந்தியான்னு கேட்டாங்க. இருந்தேன்னேன். அவ்வளவுதான், எழுதிக்கிட்டாங்க. அந்த நேரத்துல நான் பூசணி சூப் ஊட்டிக்கிட்டிருந்தேம்மா. குழாய் கழுத்துல மாட்டினபடி இருந்துச்சு, மெஷின் நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சு. அதைக் கேக்க ஒரு ஆள் இல்ல" என்றாள்.

பன்னிரண்டரைக்குக் கீழ்வீட்டு அமில்கார் வந்தார், அவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினாள். வழக்கமும் அதுதான், அக்கா ஒன்றரைக்கு வேலையிலிருந்து வரும்வரை அமில்கார் உட்கார்ந்திருப்பார். இன்னொன்றும் சொன்னாள். தினமும் காலையில் போனதும் அவள் முதலில் செய்வது, மெஷினின் அலாரத்தைப் பெரிய சத்தத்துக்குக் கூட்டி வைப்பது. தினமும் காலையில் அது ஆகக் குறைந்த சத்தத்தில்தான் இருக்கும்.

"யார் குறைக்கிறாங்க?"

"கீழ்வீட்டுக்காரரு அவரு வீட்டுக் கூரையில குச்சியால இடிப்பாரு. சத்தம் தாங்கலையாம். அந்த அக்கா பயந்து குறைச்சிடும்." சுல்மீரா கதவுப் பிடியை விட்டாள். "ஆறு வருஷம். அவ முகத்தைப் பாத்தே சளி எங்க இருக்குன்னு சொல்வேன். இப்ப நான் அவளைக் கொல்லப் பாத்தவ."

காரில் நோர்பெர்ட்டு ஸ்டீயரிங்கைத் தட்டினான். "கிழவன்தான் அண்ணி. சத்தம் தாங்காம அவன்தான் குழாயைப் புடுங்கியிருக்கான்."

"புடுங்கினா அலாரம் இன்னும்தான அடிக்கும்?"

அவன் அதை யோசித்துக்கொண்டே இரண்டு சிக்னலைத் தாண்டினான்.

அமில்காருக்கு எழுபத்தெட்டு வயது. அந்தக் கட்டடத்தின் குடியிருப்போர் நிர்வாகியும் அவரே. மூட்டு இரண்டும் போய்விட்டன. ஒரு மாடி இறங்கவும் லிஃப்ட்தான். குச்சியால் இடித்ததை ஒப்புக்கொண்டார். தன் தூக்கமும் தூக்கம்தானே என்றார். ஆனாலும் ஒட்டீலியா நல்ல பெண், கால்பந்து பற்றி அவளளவுக்குத் தெரிந்தவர் இந்தக் கட்டடத்தில் இல்லை, அதனால்தான் தினமும் போய் உட்காருகிறார். அந்த வியாழக்கிழமையா? வழக்கம்போலத்தான். கிராசியெட்டு ஒன்றரைக்கு வந்தாள். இவர் லிஃப்டில் இறங்கி வந்துவிட்டார். சொல்லும்போது அவர் எர்மெலிண்டாவைப் பார்க்கவில்லை, தன் செருப்பைப் பார்த்தார்.

வெளியே லிஃப்டுக்காக நிற்கும்போது எர்மெலிண்டா சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தாள். அமில்காரின் கையெழுத்து, அமில்காரின் கையொப்பம். 'ஏப்ரல் இரண்டு, புதன்: லிஃப்ட் பலகை மாற்றுவதற்காகக் காலை பத்து மணி முதல் பத்து இருபது வரை கட்டடம் முழுவதும் மின்சாரம் நிறுத்தப்படும். ஏப்ரல் மூன்று, வியாழன்: பிற்பகல் ஒரு மணி முதல் நான்கு மணி வரை லிஃப்ட் ஓடாது.' வேலை முடிந்து பத்து நாளாகியும் அதைக் கிழிக்க யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டு முறை படித்தாள். திரும்பிப் போய், அமில்காரிடம் இரண்டும் சொன்ன நேரத்துக்கு நடந்ததா என்று மட்டும் கேட்டாள். கையில் கடிகாரத்தோடு தானே நின்றதாகப் பெருமையாகச் சொன்னார் அவர். காகிதத்தைப் பிய்த்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். நோர்பெர்ட்டு எவ்வளவு கேட்டும் வாய் திறக்கவில்லை. வீடு சேரும்வரை அவள் முகத்தில் கண்டுபிடித்த மகிழ்ச்சி இல்லை.

புதன்கிழமை கூட்டம் பதினொரு மணிக்கு. அலுவலகத்தில் இருந்த லிஃப்டில் ஒட்டீலியாவின் நாற்காலி நுழையவில்லை. பின்னால் மெஷின், பக்கத்தில் சளி உறிஞ்சும் கருவி, அடியில் பேட்டரி என்று அது சின்ன வண்டியளவு. வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்காகவே நடக்கும் அலுவலகம் அது. வாசலில் இருந்தவர் கையை விரித்தார். மேலே அக்கா பேசினால் போதாதா என்றார். பேட்டரி மூன்று மணி நேரம் தாங்கும். வரும் வழியிலேயே ஒரு மணி நேரம் போயிருந்தது.

"போதாது" என்றாள் ஒட்டீலியா.

எர்மெலிண்டா படியேறிப் போனாள். ஐந்து நிமிடத்தில், டாக்டர் ஒனோரீனாவும் தொழில்நுட்பர் எல்டெரும் கோப்புகளோடு வண்டி நிறுத்துமிடத்துக்கு இறங்கி வந்தார்கள். டாக்டர் முகத்தில் எரிச்சல் தெரிந்தது. காருக்கும் அவளை ஏற்றிவந்த வேனுக்கும் நடுவே ஒட்டீலியா. ஒரு பக்கம் கிராசியெட்டு, நோர்பெர்ட்டு அழைத்துவந்த அமில்கார். இன்னொரு பக்கம் கையைக் கட்டியபடி சுல்மீரா.

"இது முறையில்ல. பதிவு தெளிவா இருக்கு. மெஷின் பொய் சொல்லாது" என்றாள் டாக்டர்.

"சொல்லாது. ஆனா மணி அதுக்கு எப்படித் தெரியும்? நாமதானே சொல்றோம்" என்றாள் எர்மெலிண்டா. "ரெண்டு கப்பல் மோதினா நான் முதல்ல கேக்குறது யார் தப்புன்னு இல்ல டாக்டர். ரெண்டு கப்பல் கடிகாரமும் ஒண்ணுதானான்னு கேப்பேன்."

"மெஷின் கடிகாரம் சரியா இருக்கே" என்றார் எல்டெர். "நானே பாத்தேன்."

"இப்ப சரியா இருக்கு. நானும் பாத்தேன், ஒரு நாள் முழுக்க அதுல ஏமாந்தேன். கரையில சரியான நேரத்துக்கு எரியுற ஒரு விளக்கு இருந்தாத்தான் கப்பல் கடிகாரத்தைச் சோதிக்க முடியும். அது கிடைச்சுது." காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். "ஏப்ரல் ரெண்டு, காலை பத்துக்குக் கட்டடத்துல கரெண்ட் இல்ல. மெஷின் பேட்டரிக்கு மாறியிருக்கும். பதிவுல அது எத்தனை மணிக்குன்னு பாருங்க."

எல்டெர் தாள்களைப் புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"ஒம்பது" என்றார். "ஒம்பதுலேருந்து ஒம்பது இருபது."

டாக்டர் எட்டி அந்தத் தாளைப் பார்த்தாள்.

"மார்ச் கடைசியில நாடே கடிகாரத்தைத் தள்ளிச்சு. இந்த மெஷின் தானா தள்ளிக்காது. நீங்க எப்பத் தள்ளி வச்சீங்க?" என்றாள் எர்மெலிண்டா.

"ஏழாம் தேதி. எல்லா வீட்டிலயும் கோடைக்கணக்குக்குத் தள்ளி வைப்பேன். அது ஒரு வேலைன்னுகூட நினைக்கறதில்ல." எல்டெர் நெற்றியைத் தடவினார். "பதிவை எடுத்துட்டு, அப்புறம் தள்ளி வச்சேன்."

"அப்ப மெஷின் பன்னெண்டு ரெண்டுன்னு எழுதினது, ஊர்க் கணக்குல ஒரு மணி ரெண்டு நிமிஷம். ஒட்டீலியா முதல் நாளிலேருந்து சொல்றது அதைத்தான். சுல்மீரா வேலை முடிஞ்சு போய் அரை மணிக்கு மேல ஆச்சு."

சுல்மீரா கட்டிய கைகளைப் பிரிக்கவில்லை. கண்களை மட்டும் மூடித் திறந்தாள். டாக்டர் கோப்பை மூடினாள்; மறுபடி திறந்தாள். "அப்படின்னா ஒரு மணிக்கு அங்க இருந்தது யார்?" என்று அமில்காரைப் பார்த்தாள்.

"என்னை வரச்சொன்னது மணியைக் கண்டுபிடிக்க. அதோட என் வேலை முடிஞ்சுது" என்றாள் எர்மெலிண்டா.

"நான் இல்ல" என்றார் அமில்கார் அவசரமாக. "நான் லிஃப்டுல இறங்கி..." அங்கேயே நின்றுவிட்டார். தன் கையால் எழுதிய காகிதம் டாக்டர் கையில் இருந்தது. ஒரு மணிக்கு மேல் லிஃப்ட் ஓடவில்லை. லிஃப்டில் இறங்கினார் என்றால் ஒரு மணிக்கு முன்பே இறங்கியிருக்க வேண்டும். அவரை அனுப்பிவைக்க யாரோ அதற்கு முன்பே வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். நோர்பெர்ட்டுக்கு அப்போதுதான் புரிந்தது. வாய் திறக்கப் போனான். அண்ணி கையைப் பிடித்து அழுத்தினாள்.

ஒட்டீலியா எதையோ சொல்ல உதட்டைக் குவித்தாள். மெஷின் காற்றை வெளியே எடுத்துக்கொண்டிருந்தது. அது திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் கிராசியெட்டு பேசிவிட்டாள்.

"நான்தான்."

"அக்கா, வேணாம்" என்ற சொல் அதற்குப் பிறகே வந்தது.

கிராசியெட்டு கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று பள்ளிச் சமையலறையில் கொதிக்கும் எண்ணெய் பட்டுவிட்டது, வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ஒன்றுக்குக் கால்மணி முன்னதாக வந்தாள். மூன்று நாளாகத் தூங்கவில்லை. அமில்காரை அனுப்பினாள். அவருக்காகவே அலாரத்தையும் குறைத்தாள். ஒட்டீலியாவுக்குச் சளி கரகரத்தது, அதை உறிஞ்சி எடுக்கக் குழாயைக் கழற்றினாள், பார்த்தால் உறிஞ்சு குழல் பெட்டி காலி. புதுப்பெட்டி எடுக்கச் சமையலறைக்குப் போனாள்.

"அங்க முக்காலி இருந்துச்சு. உக்காந்தேன்" என்றாள். "அவ்வளவுதான் டாக்டர். வேற ஒண்ணும் இல்ல. உக்காந்தேன்."

"அலாரம் கேக்கலையா? சத்தம் குறைவா இருந்ததால?" என்று டாக்டர் கேட்டாள். கேள்வியில் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தாள்.

கிராசியெட்டு அதற்குள் நுழையவில்லை. "கேட்டுச்சு. எந்திரிக்கணும்னு தெரிஞ்சுது. எந்திரிக்க முடியல. எந்திரிச்சு வந்து குழாயை மாட்டறதுக்குள்ள நாலு நிமிஷம்." பிறகு சுல்மீராவின் பக்கம் திரும்பினாள். "உன் பேரைச் சொன்னப்ப நான் சும்மா இருந்தேன். இவளைக் கொண்டுபோயிடுவாங்கன்னு. அமில்கார் அண்ணன்கிட்டயும் ஒண்ணரைன்னு சொல்லச் சொன்னேன்."

சுல்மீரா முகத்தை வேன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் ஒனோரீனா மேலே போய் அரை மணி நேரம் கழித்து ஒரு தாளோடு வந்தாள். பதிவின் நேரத்தில் பிழை இருந்தது. உதவியாளர் மீது குறையில்லை. அதற்கு ஒரு வரி. மன்னிப்பு என்ற சொல் எங்கும் இல்லை. இடமாற்றம் மூன்று மாதத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது. அதுவரை பிற்பகலிலும் ஒரு உதவியாளர் வருவார், ஆள் கிடைத்தால். ஆள் கிடைத்தால் என்ற சொற்களை எர்மெலிண்டா இரண்டு முறை உரக்கப் படித்தாள். கிராசியெட்டு வருடத்துக்கு மூன்று தடவை உதவி கேட்டு எழுதிய மனுக்கள் அதே கோப்பில்தான் இருந்தன. அவற்றை அன்று யாரும் பிரித்ததாகத் தெரியவில்லை. எர்மெலிண்டா டாக்டரிடம் அதையும் சொன்னாள். டாக்டர் தலையாட்டினாள். தன் கையில் அவ்வளவுதான் இருக்கிறது என்றாள்.

நோர்பெர்ட்டு வேனின் பலகையை இறக்கப் போனான். எர்மெலிண்டா நாற்காலியின் அருகே குனிந்தாள்.

"நீங்க முதல்லயே தெரிஞ்சுக்கிட்டீங்க" என்றாள் ஒட்டீலியா. "அக்காதான்னு."

"யாருன்னு கேட்டதுக்கு நீங்க ரெண்டு மூச்சை விட்டுட்டீங்க. அவ்வளவு சுலபமா மூச்சை விடுற ஆள் நீங்க இல்ல."

ஒட்டீலியா சிரிக்கப் பார்த்தாள். சரியாக வரவில்லை.

"அவதான்னு தெரியும்" என்றாள். காற்று. "அலாரம் கேக்கலைன்னு நினைச்சிருந்தேன்." காற்று. "இவ்வளவு நாளா."

எர்மெலிண்டா நிமிர்ந்தாள். கப்பல்கள் மோதியதைக் கண்டுபிடித்தபின் அவை வேறு வேறு துறைக்குப் போய்விடும். இவர்கள் இருவரும் ஒரே வீட்டுக்குப் போக வேண்டும்.

அப்போது குழாயில் கரகரவென்று சத்தம் கேட்டது. சளி. ஒட்டீலியாவின் முகம் இறுகியது. மெஷின் கூவத் தொடங்கியது. கிராசியெட்டு உறிஞ்சு குழலை எடுத்துப் பிரித்தாள், பிரித்த கையோடு நின்றுவிட்டாள். சுல்மீரா, யாரும் கூப்பிடாமலே, இரண்டே எட்டில் வந்து குழலுக்காகக் கையை நீட்டினாள்.

"அக்கா எடுக்கட்டும்" என்றாள் ஒட்டீலியா, கிடைத்த மிச்சக் காற்றில்.

கிராசியெட்டு தங்கையைப் பார்த்தாள். பிறகு சளியை எடுக்கக் காற்றுக்குழாயைக் கழற்றினாள்.

சுல்மீரா கையை இறக்கி வழிவிட்டாள். ஆனால் இரண்டடிக்கு மேல் நகரவில்லை.